கரி விளையாத ஊரில் கரி எஞ்சின்

கரி எஞ்சின் என்றாலே புகையும் கூவென்ற சத்தமும்தான் ஞாபகம் வரும். அந்தக் கரி எஞ்சினுக்குள் எப்படிப் போனது என்று யோசித்ததுண்டா?

சென்னையிலிருந்து ஈரோடு, போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை பேப்பூர் வரை ரயில் தடம் முழுமையானது 1862ல். போத்தனூரிலிருந்து கோவை வழியாக மேட்டுப்பாளையம் கிளை 1873ல் வந்தது. தடம் சரி, எரிக்க என்ன வழி? நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்ட ஆரம்பித்ததே 1950களில்தான். அதனால் மெட்ராஸ் ரயில்வே எஞ்சின்கள் ஆரம்ப காலத்தில் தின்றது பெரும்பாலும் விறகு! காட்டு மரங்கள் போதாமல், விறகுக்கென்றே சவுக்குத் தோப்பு வளர்த்தார்கள். வங்காளக் கரி கப்பலில் சென்னைக்கு வரும். தெலங்கானாவின் சிங்கரேணியில் 1889ல் கரி வெட்டத் தொடங்கிய பிறகுதான் தெற்குக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒரு சுரங்கம் கிடைத்தது.

வேகனில் வந்த கரியை லோகோ ஷெட்டில் இறக்கிக் குவிப்பார்கள். எஞ்சின் வந்து நின்றதும் சாம்பலைத் தட்டி, தண்ணீர் நிரப்பி, டெண்டரில் கரி ஏற்றவேண்டும். அமெரிக்காவில் இதற்கு உயரமான கோபுரம் கட்டினார்கள். கீழே எஞ்சினை நிறுத்தினால் கரி தானாகக் கொட்டும். இங்கே பல ஷெட்களில் கூலி ஆட்கள் தலையில் கூடை வைத்து மேடையேறிக் கொட்டினார்கள். இயந்திரத்தைவிட மனுசக் கூலி மலிவு, அவ்வளவுதான் கணக்கு! அதே கரியை ஓடும் வண்டியில் ஃபயர்மேன் மறுபடி சவளில் அள்ளி நெருப்பில் போடுவார்.

காமர்ஸ் படிக்கிற எனக்கு உறுத்துவது இன்னொன்று. தன் எஞ்சினுக்கான கரியைச் சுமக்கிற வேகனால் ரயில்வேக்கு வாடகை வருமானம் கிடையாது. தன் சாப்பாட்டைத் தானே நூற்றுக்கணக்கான மைல் சுமக்கவேண்டும். டீசலும் மின்சாரமும் ஜெயித்ததற்கு இதுவும் ஒரு காரணம். அகலப்பாதையில் நீராவி ஓட்டம் 1995ல் முடிந்தது.

மேட்டுப்பாளையம்-குன்னூர் மலை ரயிலில் நீராவி இன்னும் தொடர்கிறது. 1899ல் கரியில் தொடங்கி, 2000களில் எண்ணெய்க்கு மாற ஆரம்பித்தது. 2021ல் திருச்சி பொன்மலைப் பணிமனை அதற்குப் புதிதாக ஒரு கரி எஞ்சினே செய்து கொடுத்தது.

பழைய எஞ்சின்களுக்குப் பெயிண்ட் அடித்து ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி வைக்கிறோம், நல்லது. எஞ்சின் நம்பர் தெரிகிறது, செய்த கம்பெனி தெரிகிறது. கூடை சுமந்தவர்களின் பெயர்தான் எந்தப் பலகையிலும் இல்லை. ஈரோடு, போத்தனூர் ரயில்வே குடும்பத்துப் பெரியவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், கேட்டு எழுதி வையுங்கள்... இன்னும் சில வருடம் போனால் கேட்க ஆள் இருக்காது.