காகித மடிப்பும் கணிதக் கல்வியும்

கையால் செய்து பார்ப்பது பாலர் வகுப்பு விளையாட்டு. மேல் வகுப்புக்குக் கரும்பலகையும் பாடநூலுமே போதும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது பிழை என்பதைச் சென்னையில் வெளியான ஒரு நூலின் வரலாறே காட்டும்.

செருமானியக் கல்வியறிஞர் பிரடரிக் புரோபெல் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் சிறுவர் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவற்றைக் குழந்தைகளின் கையிலேயே கொடுத்து, வடிவங்களை உணரச் செய்தார். இப்பொருள்களுக்குப் 'பரிசுகள்' என்று பெயர். அவர் வழிவந்த பாலர் பள்ளிகளில் எட்டாம் பரிசாக அமைந்தவை, மடிப்பதற்கான வண்ணக் காகிதச் சதுரங்கள்.

அந்த எட்டாம் பரிசு, சென்னை மாகாண வருவாய்த்துறை அதிகாரியான சுந்தர ராவின் சிந்தனையைத் தூண்டியது. காகித மடிப்பின் வழியே வடிவ கணிதம் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை அவர் எழுத, 1893இல் அது சென்னையில் அச்சாயிற்று. கணிதக் கருவிகள் வேண்டா. ஒரு பேனாக்கத்தியும் காகிதத் துண்டுகளும் போதும் என்றார் அவர். சதுரத்தில் தொடங்கிய மடிப்பு, பல்கோணங்களைக் கடந்து, உயர்கணித வளைகோடுகள் வரை சென்றது.

செருமானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் 1895இல் வெளியான தம் நூலில் இதனைக் குறிப்பிட்டார். அக்குறிப்பின் வழியே இதனை அறிந்த அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமனும் சிமித்தும் 1901இல் சிக்காகோவில் மறுபதிப்பு வெளிவரச் செய்தனர். பாலர் பள்ளிக் காகிதத்தைப் பேரறிஞர்கள் இகழவில்லை என்பதை நாம் கருதுதல் வேண்டும்.

அந்நூல் கூறும் சமபக்க முக்கோணத்தைப் பினாங்கிலுள்ள எம் தோட்டப் பள்ளியில் பழைய நாட்காட்டித் தாளைக் கொண்டு செய்கிறோம். சதுரத்தாளை நெடுக்காக இரண்டாக மடித்து விரித்தால் நடுக்கோடு கிடைக்கும். பின், கீழ் வலமூலையைத் தூக்கி அக்கோட்டின்மேல் படிய வைத்து, மடிப்பு கீழ் இடமூலை வழியாகச் செல்லுமாறு அழுத்த வேண்டும். மூலை படிந்த புள்ளியைக் கீழ்மூலைகள் இரண்டோடும் இணைத்தால் முக்கோணம் ஆயிற்று. அதன் ஒவ்வொரு பக்கமும் சதுரத்தின் பக்கத்துக்குச் சமம்.

இவ்வாறு வெட்டிய முக்கோணங்களை ஒட்டித் திண்ம உருவங்கள் செய்யலாம். ஒரு முனையில் மூன்று கூடினால், நான்கு முக்கோணங்களில் நான்முகி முடியும். நான்கு கூடினால் எட்டில் எண்முகி. ஐந்து கூடினால் இருபதில் இருபதுமுகி. ஆறு கூடினால்? "ஐயா, எழும்பவில்லை, தட்டையாகப் படுத்துவிட்டது!" என்று மாணவனே கூவுவான். ஆறு அறுபது பாகை 360 பாகை அல்லவா? முனை எழும்ப இடமேது? முக்கோண முகங்களாலான ஒழுங்குத் திண்மங்கள் மூன்றுக்கு மேல் இல்லை என்னும் உண்மையை அவன் மனப்பாடம் செய்யவில்லை; தானே கண்டுகொண்டான்.

எனவே, ஆசிரிய நண்பர்களே, வசதி குறைந்த பள்ளி என்று நாம் சோர்வடைய வேண்டா. கழித்த தாளும் பத்து விரலும் இல்லாத பள்ளி எங்கே இருக்கிறது?