பத்து மணித்தியாலச் சட்டமும் ஆலை முதலாளிகளும்

கைத்தொழிற் புரட்சியின் தாயகமாகிய இங்கிலாந்திலே, பஞ்சாலைத் தொழிலாளரின் வேலை நேரத்தைக் குறைப்பதற்கான போராட்டம் நெடுங்காலம் நிகழ்ந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளின் வேலை நேரத்துக்கு எல்லை வகுத்து, அதனைக் கண்காணிக்க நான்கு பரிசோதகரை நியமித்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் பாதுகாப்பளித்தது. ஆலை நேரம் பொதுமக்கள் காணக்கூடிய மணிக்கூட்டின்படியே கணிக்கப்படவேண்டும் எனவும் அது கட்டளையிட்டது. முதலாளியின் கடிகாரம் அவர் விருப்பம்போல் முந்தியும் பிந்தியும் ஓடுகின்றது என்பது தொழிலாளரின் பழைய முறைப்பாடு.

தாமே ஆலை முதலாளியாயிருந்த ஜோன் ஃபீல்டன் 1847இல் கொணர்ந்த மசோதா சட்டமாயிற்று. பெண்களும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள இளைஞரும், 1848 மே முதல் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலமே உழைக்கலாம் என்பது அதன் விதி. ஆயினும், அப்பத்து மணித்தியாலமும் இடையறாது அமையவேண்டுமென அது தெளிவாகக் கூறவில்லை.

அக்குறையை முதலாளிகள் சிலர் கண்டுகொண்டனர். அதிகாலை ஐந்தரை முதல் இரவு எட்டரை வரை, பதினைந்து மணித்தியாலங்களுக்குள் தொழிலாளரைப் பல குழுக்களாகப் பிரித்து, வெளியே அனுப்புவதும் மீண்டும் அழைப்பதுமாக மாற்றுக்குழு முறையை வகுத்தனர். கணக்கேட்டில் ஒவ்வொருவருக்கும் பத்து மணித்தியாலமே; அவர்தம் வாழ்விலோ நாள் முழுவதும் ஆலைக்கே உரியதாயிற்று. யார் எப்பொழுது உள்ளே சென்றார், எப்பொழுது வெளியே வந்தார் என்பதைப் பரிசோதகர் அறிதலும் அரிதாயிற்று.

பரிசோதகர் லெனாட் ஹோனர் இம்முறையை எதிர்த்து வழக்குகள் தொடுத்தார். எனினும், 1850 பெப்ரவரியில் உயர் நீதிமன்றமொன்று முதலாளிகளின் பக்கமே தீர்ப்பளித்தது. சட்டத்தின் நோக்கம் யாதாயினும் அதன் சொற்கள் மாற்றுக்குழுவைத் தடுக்கவில்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் புதிய சட்டமியற்றியது. வேலை காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, அல்லது ஏழு முதல் ஏழு வரை மட்டுமே நடைபெறலாம். உணவுக்கு ஒன்றரை மணித்தியாலம் விடப்படவேண்டும். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியுடன் வேலை முடிவுறவேண்டும். இதற்கு விலையாக நாள்வேலை அரை மணித்தியாலம் கூடிற்று. இவ்விணக்கத்தை ஏற்ற ஆஷ்லி பிரபுவைத் தொழிலாளர் பலர் கடிந்துகொண்டனர். பிள்ளைகளுக்கும் இவ்வெல்லை கிட்டியது 1853இலேயாம்.

எத்தனை மணித்தியாலம் உழைப்பது என்பதை மட்டும் வரையறுத்த சட்டம் தோற்றது. எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடிப்பது என்பதையும் வரையறுத்த சட்டமே நிலைத்தது. தொழிலாளியின் மாலைப்பொழுது அவனுக்கே உரியதாவதற்கு அவ்வொரு வரி வேண்டியிருந்தது.