மின்வண்டிக் கொட்டகையும் இரவு மின்சாரமும்

மின்சார வாகனங்களைத் தொகுதியாக வைத்து நடத்துகிறவர்கள், எந்த வண்டிக்கு எந்த நேரத்தில் எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது என்று வகுத்துக்கொள்ள இன்று கணிப்பொறியின் துணையை நாடுகிறார்கள் என்றாலும், அந்தக் கவலை கணிப்பொறிக்கு வெகுகாலம் முற்பட்டது. குதிரைவண்டிகள் நிறைந்திருந்த நியூயார்க் வீதிகளில் 1897-இல் மின்சார வாடகை வண்டிகள் ஓடத் தொடங்கிய நாளிலேயே அது பிறந்துவிட்டது.

பிலடெல்பியாவில் 1894-இல் ‘எலெக்ட்ரோபாட்’ என்னும் வண்டியை நிர்மாணித்த ஹென்றி மாரிஸ், பெட்ரோ சலோம் என்ற இருவரே அத்தொழிலை ஆரம்பித்தவர்கள். 1897-இலேயே அத்தொழிலை வாங்கிக்கொண்ட பாட்டரித் தொழிலதிபர் ஐசக் ரைஸ், ‘எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி’யை ஸ்தாபித்தார். ஈயப் பாட்டரி நிரம்பப் பல மணி நேரம் வேண்டும். வாடகை வண்டிக்கோ நின்ற நேரமெல்லாம் நஷ்டம். இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, பிராட்வேயில் பனிச்சறுக்கு மண்டபமாக இருந்த கட்டிடம் ஒன்றைக் கொட்டகையாக்கினார்கள். வண்டி மேடைமேல் வந்து நின்றதும் நீரழுத்த யந்திரம் அதை அசையாமல் நிறுத்திப் பிடிக்க, ஆயிரம் ராத்தல் கனமுள்ள பாட்டரி வெளியே இழுக்கப்பட்டு, பளுதூக்கியின் வழியே சார்ஜ் ஏற்றும் வரிசைக்குப் போய்ச் சேர, நிரம்பிய பாட்டரி அதன் இடத்தில் செலுத்தப்பட்டு, சில நிமிஷங்களில் வண்டி மறுபடியும் சவாரிக்குப் புறப்பட்டுவிடும். வண்டியின் நேரத்தையும் பாட்டரியின் நேரத்தையும் தனித்தனியே பிரித்துவிட்ட இந்த ஏற்பாட்டை, அக்காலத்துப் பொறியியல் சாதனைகளில் மிக உயர்ந்த வரிசையில் வைக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதே 1897-இல் லண்டனில் வால்ட்டர் பெர்ஸி தொடங்கிய மின்வண்டிகளோ இரண்டே வருஷங்களில் வீதியைவிட்டு மறைந்தன.

நியூயார்க் கம்பெனிக்கும் கேடு வந்தது. 1899-இல் வில்லியம் விட்னி முதலிய பெருந்தனக்காரர்கள் அதைக் கைப்பற்றி, பல நகரங்களுக்கு ஒரே மூச்சில் விஸ்தரித்தார்கள். வண்டிகள் பெருகிய வேகத்தில் பழகிய ஆட்கள் பெருகவில்லை. ஈயப் பாட்டரி பராமரிப்புக் குறைவைப் பொறுக்காத வஸ்து: காலியாகக் கிடந்தால் தகடுகளில் கந்தகப் படிவு இறுகும், அளவுக்குமேல் ஏற்றினால் அமிலம் கொதிப்பதுபோல் குமிழியிட்டு, தகட்டிலுள்ள பொருள் உதிர்ந்துவிடும். திரவமானியை ஒவ்வோர் அறையிலும் இட்டு, அமிலத்தின் அடர்த்தி 1150-க்கு அருகில் இறங்கியிருக்கிறதா, 1280-ஐ நெருங்கிவிட்டதா என்று பார்த்து மின்னோட்டத்தைக் குறைக்கும் பொறுமையுள்ள தொழிலாளியே அந்தக் கொட்டகையின் உயிர்நாடி. அவரை மறந்த ஸ்தாபனம் 1907-இல் திவாலாயிற்று. பாட்டரியின் குறையே அதற்கு முழுக் காரணம் என்று சொல்வது நியாயமன்று. பங்குச்சந்தைப் பேராசைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

இதற்கிடையில் பவர் ஹவுஸ்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். அந்தியில் நகரமெல்லாம் விளக்கேற்றும்போது திணறுகிற யந்திரங்கள், நள்ளிரவுக்குப்பின் வேலையற்று நிற்பதைக் கண்டு மனம் வெதும்பியிருந்த அவர்களுக்கு, பகலெல்லாம் ஓடி இரவில் கொட்டகைக்குத் திரும்பும் சரக்கு வண்டிகள் தெய்வாதீனமாக வாய்த்த வாடிக்கையாயின. 1910-இல் அமைந்த அமெரிக்க மின்சார வாகனச் சங்கத்தில் மின்சாரக் கம்பெனிகள் முனைந்து நின்றதன் காரணம் இதுதான். அந்த வருஷமே கனெக்டிகட் ராஜ்யத்து ஹார்ட்பர்டில், பாட்டரியில்லாமல் வண்டியை வாங்கிக்கொள்ளலாம், பாட்டரியை மின்சாரக் கம்பெனியே மாற்றித் தரும், மாதச் சந்தாவும் ஓடிய மைலுக்குக் கட்டணமும் செலுத்தினால் போதும் என்ற திட்டம் அமலுக்கு வந்தது. எந்நேரத்தில் ஏற்றுவது என்ற பொறுப்பு, மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அறிந்தவர்கள் கைக்கே போய்விட்டதால், 1924 வரை அது நிலைத்து, அவ்வண்டிகள் அறுபது லட்சம் மைலுக்குமேல் ஓடின. பெட்ரோல் வண்டியின் விலை சரிந்த பிறகு அமெரிக்காவில் இத்தொழில் ஒடுங்கியது.

அது நிலைத்து வளர்ந்தது பிரிட்டனில்தான். விடியுமுன் வீடுதோறும் பால் கொடுத்துவிட்டு, நண்பகலுக்குள் திரும்பி, மறுநாள் விடியும்வரை ஓய்ந்து நிற்கும் பால்வண்டியின் தினசரி கிரமத்தில், சார்ஜ் ஏற்றும் அட்டவணை தானாகவே அடங்கியிருந்தது. உலகின் மற்ற நாடுகள் அனைத்திலும் ஓடும் பாட்டரி வாகனங்களைக் கூட்டினாலும் பிரிட்டனில் ஓடுபவையே அதிகம் என்று 1967-இல் அந்நாட்டு மின்சார வாகனச் சங்கம் அறிவித்தபோது, அவற்றில் மிகப் பெரும்பாலானவை பால்வண்டிகளே.