மூணாவதா வந்தவர்



'வீட்டுக்கு வீடு செல்போன் வந்ததற்குக் காரணம் தனியாரா, அரசா?' என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, "தனியார் வரலேன்னா நீங்க இன்னும் கறுப்பு போன்ல விரலை விட்டுச் சுத்திக்கிட்டுத்தான் இருப்பீங்க"ன்னு ஒரு போடு போட்டாங்க. நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். ஆனா கதையைப் பாதியிலேயே நிறுத்திட்டு உட்கார்ந்துட்டாங்களே! மீதியை யார் சொல்றது?

1995 ஜூலை 31. கல்கத்தாவில் இருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் பேச்சு அதுதான். அன்றைக்கு அமைச்சர் போனை எடுத்தார். அடுத்த வருஷமே சி.பி.ஐ. அவர் வீட்டிலிருந்து கோடிக்கணக்கில் ரொக்கத்தை எடுத்தது. (சிரிப்பு) அது வேற கதை, விட்டுடுவோம்.

அப்போது ஒரு வட்டத்துக்கு இரண்டே கம்பெனிக்குத்தான் உரிமம். சென்னைக்கு ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. பேசினால் நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரைக்கும் ஆகும். அதுகூடப் பரவாயில்லீங்க. யாராவது நமக்குப் போன் பண்ணினா, அதுக்கும் நாமதான் காசு குடுக்கணும்! மாமியார் போன் போட்டு மருமகளைத் திட்டினா, திட்டு வாங்கினதுக்கு பில் மருமகளுக்கு! (பலத்த சிரிப்பு)

விளைவு என்ன? நாலு வருஷம் ஓடி 1999 வந்தபோது இந்தியா முழுக்க செல்போன் வைத்திருந்தவர்கள் சுமார் 12 லட்சம். நாம் ஏறக்குறைய 100 கோடி பேர். ஆயிரம் பேருக்கு ஒருத்தர்தான். கம்பெனிகளைக் குறை சொல்லவும் முடியாது. உரிமத்தை ஏலத்தில் போட்டி போட்டு எடுத்துவிட்டு, அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாமல் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தார்கள். 1999-ல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்தது. மொத்தக் கட்டணம் போய், வருமானத்தில் பங்கு கட்டினால் போதும் என்றார்கள். சகோதரி இதைச் சொன்னாங்க. ஆனா அதே கொள்கையில, மூணாவது ஆளா அரசு நிறுவனமும் களத்துல இறங்கலாம்னு இருந்துச்சே, அதை ஏன் சொல்லல?

2000 அக்டோபர் 1-ல் தொலைபேசித் துறை பி.எஸ்.என்.எல். என்ற நிறுவனம் ஆனது. டெல்லியும் மும்பையும் எம்.டி.என்.எல். கையில், மற்ற நாடு முழுக்க இவர்கள் பொறுப்பு. 2002 அக்டோபரில் லக்னோவில் பிரதமர் வாஜ்பாய் 'செல்ஒன்' சேவையைத் தொடங்கி வைத்தார். ஏழு வருஷம் லேட்! ஆனா லேட்டா வந்தவர் கையில என்ன இருந்துச்சு தெரியுமா? ஊருக்கு ஊர் எக்ஸ்சேஞ்ச் கட்டடம், எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் கேபிள், கம்பத்துல ஏறத் தெரிஞ்ச லைன்மேன். புதுக் கம்பெனி ஒரு ஊருக்குப் போகணும்னா முதல்ல இடம் தேடணும். இவங்களுக்கு இருந்த கட்டடத்துக்குப் பக்கத்துலயே டவரை நிறுத்தினா போதும். அதனாலதான் நகரத்துப் பெரிய மனுஷன் கையில இருந்த செல்போன் சின்னச் சின்ன ஊருக்கும் போச்சு. சிம் கார்டுக்கு விண்ணப்பம் குடுத்துட்டு ஜனங்க வரிசையில நின்னாங்க.

நியாயத்தைச் சொல்லணும். 2003-ல் ரிலையன்ஸ் வந்து விலையைப் போட்டு உடைத்தது. அதே வருஷம் மே 1 முதல், வருகிற அழைப்புக்குக் காசு வாங்குவது ஒழிந்தது. அது ஒழுங்குமுறை ஆணையம் டிராய் கொண்டு வந்த மாற்றம். எல்லாத்தையும் ஒருத்தர் கணக்கிலேயே எழுத நான் வரல.

ஆனா 2006 மார்ச் 1 நம்ம கணக்கு! பி.எஸ்.என்.எல்.லும் எம்.டி.என்.எல்.லும் 'ஒன் இந்தியா' திட்டம் கொண்டு வந்தார்கள். இந்தியாவில் எந்த மூலைக்குப் பேசினாலும் நிமிஷத்துக்கு ஒரு ரூபாய். (கைதட்டல்) எங்க அண்ணன் அப்போ சூரத்துல வேலை. அதுவரைக்கும் எங்க அம்மாவுக்கும் அவனுக்கும் பேச்சே மிஸ்டு கால்தான். ஒரு ரிங்னா சாப்பிட்டாச்சு, ரெண்டு ரிங்னா மணியார்டர் அனுப்பியாச்சு. ஒரு ரூபாய் வந்த பிறகு அம்மா முதல் முதலா அவன்கிட்ட குழம்பு வைக்கிற விதம் சொன்னாங்க. புளியைக் கரைக்கிறதுலேர்ந்து தாளிக்கிற வரைக்கும்!

"அப்புறம் ஏன் பின்னால் போனார்கள்?" என்று சகோதரி கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. 2006-ல், சுமார் நாலரைக் கோடி இணைப்புகளுக்குக் கருவி வாங்க டெண்டர் போட்டார்கள். கோர்ட் வழக்கு, விலைத் தகராறு, கடைசியில் ஆர்டர் பாதியாகச் சுருங்கியது. 2008-ல் 9.3 கோடி இணைப்புக்கு இன்னொரு டெண்டர். 2010-ல் அதுவும் ரத்து. ஜனங்க கடைக்கு வந்து நிக்கிறாங்க, கடையில சரக்கு இல்ல. அதே 2010-ல் தனியார் ஏலத்தில் கேட்ட விலைக்கே அலைக்கற்றைக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். சுமார் 18,500 கோடி ரூபாய்! ஏலத்துல கையே தூக்காதவர் தலையில ஏலத் தொகை! கையிருப்பு கரைஞ்சு போச்சு. தனியார் 2012-ல் 4ஜி தொடங்கினார்கள். 2016-ல் ஜியோ வந்தது. 2020 ஜனவரி 31-ல் ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வீட்டுக்குப் போனார்கள். அந்தக் கம்பம் ஏறின லைன்மேன்களும் அதுல உண்டு.

2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் கட்டணத்தை ஏற்றின. அந்த ஒரு மாதத்தில் மட்டும் பி.எஸ்.என்.எல்.லுக்குக் கூடியவர்கள் சுமார் 29 லட்சம் பேர். வந்தவங்கள்ல பல பேர் அப்புறம் திரும்பிப் போயிட்டாங்க, ஏன்னா நாடு முழுக்க 4ஜி இன்னும் வரல. அது வந்தது 2025 செப்டம்பர் 27-ல். 97,500 டவர்கள், நம் நாட்டிலேயே செய்த கருவிகளோடு. முன்ன ஏழு வருஷம் லேட், இந்தத் தடவை பதிமூணு வருஷம்.

மணி அடிச்சுட்டீங்க நடுவர் அவர்களே, உட்கார்ந்துடறேன். சகோதரி பதில் சொல்ல எழுந்து வருவாங்கல்ல, அந்த ஜூலை மாசம் அவங்க வீட்டு ரீசார்ஜ் எவ்வளவு கூடுச்சுன்னு மட்டும் முதல்ல சொல்லச் சொல்லுங்க. (பலத்த கைதட்டல்)