ஆசிரியர் திரும்பி வரும் களம்: தாராவியும் வெளிநாட்டு மாணவர்களின் குறுகிய காலக் கல்விப் பயணங்களும்

கல்லூரி ஆசிரியரே மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் சென்று கற்பிக்கும் முறைக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1923-இல் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரேமண்ட் கிர்க்பிரைடு எட்டு மாணவர்களுடன் பிரான்சுக்குக் கப்பலேறினார். அம்மாணவர்கள் ஒரு கல்வியாண்டைக் கழித்துத் திரும்பினார்கள். இன்றோ அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்வோரில் பாதிக்கும் மேற்பட்டோர் குறுகிய காலப் பயணங்களையே மேற்கொள்கிறார்கள். பயணம் சுருங்கியதைப் போலவே களமும் மாறியிருக்கிறது. நகரியல், கட்டடக்கலை, வளர்ச்சித் திட்டமிடல் ஆகிய துறைகளின் மாணவர்கள் மும்பையின் தாராவி போன்ற குடியிருப்புகளுக்கு வருகிறார்கள். இரண்டு வாரத்தில் என்ன புரிந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானது, ஆனால் அளவுகோல் தவறானது. மாணவர்கள் ஆண்டுதோறும் மாறுவார்கள். தொடர்ந்து இருப்பவர் ஆசிரியர்தான். எனவே இத்தகைய பயணத்தின் தகுதியை, ஆசிரியர் ஒரே களத்துக்கு எத்தனை ஆண்டு திரும்பி வருகிறார், அங்குள்ள மக்களுக்கு எந்த அளவு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார் என்பவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வெளியிலிருந்து வருவோர் முதலில் உணர வேண்டியது, தாராவி தன்னைத் தானே ஆராய்ந்து பழகிய இடம் என்பது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தமிழர்கள், கும்பார்வாடாவின் குஜராத்திக் குயவர்கள், அவர்களுக்கெல்லாம் முன்பே கோலிவாடாவில் வாழ்ந்த மீனவர்கள் என ஒவ்வொரு சமூகமும் தன் இடத்தின் கணக்கைத் தானே வைத்திருந்தது. 1985-இல் ராஜீவ் காந்தி மும்பைக்கு அறிவித்த 100 கோடி ரூபாயில் ஒரு பங்கு தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. அப்போது அரசின் மக்கள்தொகைக் கணக்கை மக்கள் அமைப்புகள் ஏற்கவில்லை. 1986-இல் தாங்களே வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கூடுதல் எண்ணிக்கையை முன்வைத்தன. இதில் முன்னின்றது தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு. அதன் தலைவராக இருந்த ஜோக்கின் அற்புதம், 1976-இல் மும்பையின் ஜனதா காலனிக் குடிசைப்பகுதி இடிக்கப்பட்டதை எதிர்த்த போராட்டத்தில் உருவானவர். எண்ணிக்கையில் இடம்பெறாதவருக்கு வீடு கிடைக்காது என்பது அப்போராட்டங்கள் கற்றுத்தந்த பாடம்.

இந்தப் பாடத்தை மதித்து நடந்த பயணங்களே பயன் தந்தன. 2007-இல் மராட்டிய அரசு தாராவி மறுசீரமைப்புக்கு உலக அளவில் நிறுவனங்களை அழைத்தது. அந்தச் சர்ச்சை சூடாக இருந்த 2009-இல், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் வளர்ச்சித் திட்டமிடல் பிரிவைச் சேர்ந்த முதுகலை மாணவர்கள் தங்கள் ஆசிரியர்களுடன் வந்தார்கள். 1984 முதல் மும்பையில் இயங்கிவரும் ஸ்பார்க் அமைப்பு அவர்களுக்குத் துணை நின்றது. தாராவியைப் பிரச்சினைக் குவியலாகக் காணாமல், யாருடைய நகரம் என்ற போட்டி நிகழும் களமாக அவர்களின் அறிக்கை அணுகியது. அவர்களை அழைத்து வந்த ஆசிரியர்கள் அத்துடன் விட்டுவிடவில்லை; 2013-இல் தாராவி பற்றிய நூலாக அதை விரித்தார்கள். மாணவர்கள் தங்கியது சில வாரம், ஆசிரியர்கள் உழைத்தது சில ஆண்டு. அப்பணிக்கு எடை தந்தது இந்தத் தொடர்ச்சிதான்.

ஆசிரியரின் பொறுப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைத் தாராவிச் சந்தின் ஓர் இரும்பு ஏணியே விளக்கும். கீழறையில் ஒரு குடும்பம் இருக்கும். சுவரை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் ஏணியில் ஏறினால், மேலறையில் வாடகைக்கு இன்னொரு குடும்பமோ தையல் தொழிலாளர்களோ இருப்பார்கள். கட்டடக்கலை மாணவருக்கு இது சிக்கனமான இடப் பயன்பாட்டின் சிறந்த எடுத்துக்காட்டு. ஆனால் 2022-இல் அதானி குழுமத்துக்குச் சென்ற இப்போதைய திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்கே தாராவிக்குள் 350 சதுர அடி இலவச வீடு. மேல்தளத்தில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே, அதுவும் பணம் கட்டித்தான். எந்தத் தளத்தில் யார், எந்த ஆண்டு முதல் என்று குறிப்பேட்டில் எழுதும் ஒரு வரி ஒரு குடும்பத்தின் வாழ்விடத்தையே மாற்றக்கூடும். இருபது வயது மாணவர் இந்த விளைவை முன்கூட்டி அறிய முடியாது. அறிந்து காப்பது ஆசிரியரின் கடமை.

இப்பயணங்களையே நிறுத்திவிடலாம் என்பது வலுவான மறுப்பு. 1968-இல் மெக்சிகோவில் இவான் இல்லிச், அமெரிக்க மாணவத் தொண்டர்களிடம் உதவ வராதீர்கள் என்று கடுமையாகச் சொன்னார். ஆனால் கற்க வருவதை அவர் தடுக்கவில்லை. கற்பதால் தீங்கில்லை என்ற அவரது நம்பிக்கையைத் தாராவி கேள்விக்குள்ளாக்குகிறது என்பது உண்மைதான். எனினும் பயணங்கள் நின்றால், தாராவியைப் பற்றி எழுதும் உரிமை திட்ட நிறுவனங்களிடமும் சுற்றுலா வழிகாட்டிகளிடமும் மட்டுமே மிஞ்சும். இத்தனை ஆய்வுகளாலும் திட்டம் நிற்கவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. திட்டத்தை நிறுத்துவது மாணவர் ஆய்வின் வேலையன்று. மக்கள் வாதாடும்போது கையில் எடுத்துக்காட்டத் தகுந்த வரைபடமும் கணக்கும் தந்தாலே அது தன் கடனைச் செய்ததாகும்.

அதற்குச் சில நெறிகள் இன்றியமையாதவை. ஆய்வுக் கேள்வியைப் பயணத்துக்கு முன்பே உள்ளூர் அமைப்புகளோடு சேர்ந்து வகுக்க வேண்டும். பெயரும் தளமும் அடங்கிய தகவல்கள் அம்மக்களின் இசைவின்றி வெளியே செல்லக் கூடாது. அறிக்கைக்கு மதிப்பெண் இடுவதற்கு முன் அதன் சுருக்கத்தைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் குடியிருப்போர் முன் வைத்து, அவர்களின் திருத்தங்களைப் பெற வேண்டும். மேலும், தாராவியிலிருந்து ஓரிரு கிலோமீட்டரில் மாட்டுங்காவின் கல்லூரிகள் இருக்கின்றன. செம்பூரை அடுத்த தேவனாரில், களப்பணியைப் பாடத்தின் உயிராகக் கொண்ட டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அம்மாணவர்களை மொழிபெயர்ப்பாளராக அமர்த்தாமல், சம மதிப்பெண் பெறும் உடன் ஆய்வாளராகச் சேர்க்க வேண்டும். இந்திய, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பட்டம் வழங்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் விதி வகுத்துவிட்ட பிறகு, இத்தகைய கூட்டுப் பாடத்தை எண்ணிப் பார்க்கத் தயங்கக் காரணமில்லை. இந்நெறிகளை ஏற்று மறு ஆண்டும் அதே சந்துக்கு வந்து நிற்க அணியமாக உள்ள ஆசிரியருக்கே தாராவியைப் பாடமாக நடத்தும் தகுதி உண்டு.