முத்திரை பெற்ற சூது

இஸ்லாத்திற்கு முந்திய அரபு மக்களிடம் ‘மைஸிர்’ என்னும் சூது வழக்கிலிருந்தது. ஒட்டகம் ஒன்றை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பர். ஏழு அம்புகளுக்குப் பங்குண்டு, மூன்றுக்கு இல்லை. தோற்றோர் ஒட்டகத்தின் விலையைச் செலுத்த, வென்றோர் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு ஈந்தனர் என விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். சூதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்று ஒப்புக்கொண்ட திருமறை (2:219), அதன் பாவம் பயனினும் பெரிதெனத் தீர்ப்பளித்தது. பின்னர் அதை அறவே விலக்கியது (5:90). தருமத்திற்குப் பயன்படுகிறது என்னும் காரணம் அங்கே எடுபடவில்லை.

அக்காரணமே நம் நாட்டில் அரசு உரிமமாக உருவெடுத்தது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 294ஏ பிரிவு, அரசின் அனுமதி பெறாத லாட்டரிக்கு அலுவலகம் நடத்துவதைக் குற்றமாக்கியது. அனுமதி பெற்றுவிட்டால் குற்றமில்லை என்பது அதன் உட்பொருள். முதலமைச்சர் அண்ணாவின் காலத்தில், 1968இல், தமிழக அரசே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு நன்மை, இல்லையேல் நாட்டுக்கு நன்மை என்பது அன்றைய விளம்பரத்தின் கருத்து. நோக்கம் பொதுநலமே, மைஸிரின் நோக்கமும் அதுவாகத்தானே சொல்லப்பட்டது!

1998ஆம் ஆண்டின் மத்திய லாட்டரிச் சட்டம் விதித்த நிபந்தனைகளை நோக்குவோம். சீட்டை அரசே அச்சிட வேண்டும்; விற்பனைப் பணம் அரசுக் கணக்கில் சேர வேண்டும்; ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது; ஒற்றை இலக்கத்திற்குப் பரிசு கூடாது. நடத்துவோரின் ஒழுங்கும் கருவூலத்தின் பங்கும் இவற்றால் காக்கப்படுகின்றன. தோற்றவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று கேட்கும் நிபந்தனை ஒன்றுமில்லை.

2003 ஜனவரியில் தமிழக அரசு எல்லா லாட்டரிகளையும் தடைசெய்தது. கேரள அரசோ 1967இல் தொடங்கியதை இன்றும் நடத்துகிறது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்டது.

“அரசு அனுமதித்தது எப்படி ஹராமாகும்?” என்று கடம்பத்தூர்ப் பகுதித் தொழிற்சாலை இளைஞர்கள் வினவுவதுண்டு. அவர்களுக்கு இவ்வரலாறே விடை. 1968இல் ஆகுமென்றிருந்த அதே சீட்டு 2003இல் ஆகாதென்றாயிற்று. எல்லை தாண்டினால் மீண்டும் ஆகுமென்றாகிறது. மாறியது உரிமமே, சூதின் இயல்பு மாறவில்லை. உரிமம் அரசைப் பங்காளியாக்கும், ஆட்டத்தைத் தூய்மையாக்காது. மாதச் சம்பளம் வாங்கும் கைகள் இதை நினைவிற்கொள்ளட்டும்.