பெங்களூரில் புதுவீடு: கீசரா, ஹீட் பம்பா? பிளம்பர் வருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

சர்ஜாபூர் சாலையிலோ ஒயிட்ஃபீல்டிலோ 30-க்கு 40 சைட்டில் வீடு கட்டும் ஒருவர், டைல்ஸ் தேர்வு செய்ய நாலு கடை ஏறி இறங்குவார். குளிக்க வெந்நீர் எங்கிருந்து வரப்போகிறது என்ற கேள்வி மட்டும் கடைசியில்தான் வரும். அதற்குள் குழாய் பதித்து, சுவர் பூசி முடித்திருப்பார்கள். 'சரி, பாத்ரூமுக்கு ஒரு கீசர் மாட்டிடலாம்' என்று முடிவாகிவிடும்.

அடுத்த பத்துப் பதினைந்து வருட கரண்ட் பில்லில் ஒரு பெரிய பங்கு அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது. கீசருக்கு மாற்றாக இப்போது பேசப்படும் ஹீட் பம்ப் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

ஹீட் பம்ப் எப்படி வேலை செய்கிறது?

ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதனால்தான் அதன் பின்பக்கமோ பக்கவாட்டோ சூடாக இருக்கிறது. ஹீட் பம்ப் செய்வதும் அதே வேலைதான். வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து, டேங்கில் இருக்கும் தண்ணீருக்குள் தள்ளுகிறது.

கீசர் 1 யூனிட் மின்சாரத்தை எரித்து 1 யூனிட் வெப்பம் தரும். ஹீட் பம்ப் 1 யூனிட் மின்சாரத்தைச் செலவழித்து, காற்றிலிருந்து 2 யூனிட் வெப்பத்தை இழுத்து, மொத்தம் 3 யூனிட்டாகத் தண்ணீருக்குக் கொடுக்கும். இந்த விகிதத்துக்குப் பெயர் சிஓபி. இங்கே சிஓபி 3.

இந்த எண் நிலையானது இல்லை. வெளிக்காற்றுக்கும் தண்ணீர் எட்ட வேண்டிய சூட்டுக்கும் இடைவெளி கூடக்கூட, சிஓபி குறையும். கிணற்றின் ஆழம் கூடினால் மோட்டார் அதிகம் இழுப்பது மாதிரி.

பெங்களூருக்கு ஏன் பொருந்துகிறது?

கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. டிசம்பர், ஜனவரியில் காலை வெப்பநிலை சராசரியாக 15, 16 டிகிரி வரை இறங்கும். பதிவான மிகக் குறைந்த அளவே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரியில். அதாவது, ஏறக்குறைய வருடம் முழுக்க வெந்நீர் கேட்கிற அளவுக்குக் குளிர். ஹீட் பம்ப் திணறாத அளவுக்குச் சூடு.

கரண்ட் பில்லில் எவ்வளவு மிச்சம்?

நாலு பேர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 8 நிமிடம் ஷவரில் குளித்தால், நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் 64 லிட்டர். 20 டிகிரி பச்சைத் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். நாலு பேருக்குச் சுமார் 6 யூனிட் வெப்பம். சமையலறைப் பயன்பாடு, டேங்கிலிருந்து கசியும் வெப்பம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 7 யூனிட்.

குளிர்கால மாதம் ஒன்றுக்கு:

- கீசர்: 210 யூனிட்
- சிஓபி 3 ஹீட் பம்ப்: 70 யூனிட்
- மிச்சம்: 140 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 840 ரூபாய்

வெயில் மாதங்களில் இது குறையும். ஆண்டுக்கு 7,000 முதல் 8,000 ரூபாய் மிச்சம் என்பது நிதானமான மதிப்பீடு. கீசர்களைவிட ஹீட் பம்ப்புக்கு எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறதோ, அதை இந்த எண்ணால் வகுத்தால் போட்ட காசு எத்தனை வருடத்தில் திரும்பும் என்பது கிடைத்துவிடும்.

பக்கெட் குளியல் வீடு என்றால் கணக்கு தலைகீழ். ஆளுக்கு ஒன்றரை பக்கெட், அதாவது 30 லிட்டர் என்றால், தேவை பாதிக்கும் கீழே. ஒருவர், இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு ஹீட் பம்ப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

200 யூனிட் கோடு

கர்நாடக அரசு 2023-ல் கொண்டுவந்த கிருஹ ஜோதி திட்டத்தில், சராசரிப் பயன்பாட்டை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் இலவச அளவு நிர்ணயிக்கப்படுகிறது. அந்த அளவைத் தாண்டி 200-க்குள் இருந்தால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் பணம். 200-ஐத் தாண்டினால் அந்த மாத பில் முழுவதையும் கட்ட வேண்டும்.

மேலே சொன்ன குடும்பத்தில் கீசர் மட்டுமே 210 யூனிட். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், லைட் எதையும் போடாமலேயே கோடு தாண்டியாச்சு. 70 யூனிட் என்றால் மற்றதுக்கு 130 யூனிட் இடம் இருக்கிறது.

அப்போ சோலார் வாட்டர் ஹீட்டர்?

புதுவீடுகளுக்கு சோலார் வாட்டர் ஹீட்டர் கட்டாயம் என்ற விதியை கர்நாடகம் 2007-லேயே கொண்டுவந்தது. அது இருக்கும் வீடுகளுக்கு யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் அதிகபட்சம் 50 ரூபாய் தள்ளுபடியும் தரப்பட்டது. தனி வீடு, நிழல் விழாத மொட்டை மாடி என்றால் இன்றும் சோலாரின் இயக்கச் செலவை எதுவும் வெல்ல முடியாது. விதி உங்கள் சைட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை, மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு வையுங்கள்.

ஹீட் பம்ப் ஜெயிக்கும் இடங்கள் வேறு: பக்கத்தில் நாலு மாடி எழும்பி வெயிலை மறைக்கும் வீடு, மாடியில் பங்கு இல்லாத அபார்ட்மென்ட், மழை மாத மேகமூட்டத்தில் சோலாரின் பேக்கப் ராடு தினமும் ஓடும் வீடு.

பிளான் போடும்போதே முடிவு செய்ய வேண்டியவை

டேங்க்: ஹீட் பம்ப் நிதானமாகத்தான் சூடாக்கும். 2 கிலோவாட் வெப்பம் தரும் பம்ப், 7 யூனிட் சேர்க்க மூன்றரை மணி நேரம் எடுக்கும். அதனால் ஒரு நாள் தேவையை முன்கூட்டியே சேமிக்கும் டேங்க் வேண்டும். நாலு பேருக்கு 200 லிட்டர். நிரம்பினால் தண்ணீர் எடையே 200 கிலோ; அது நிற்கும் இடத்தை இன்ஜினீயரிடம் சொல்லிவிடுங்கள்.

இடம்: காற்று தாராளமாக வந்து போக வேண்டும். மூடிய யூட்டிலிட்டிக்குள் வைத்தால், தான் விட்ட குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்து சிஓபி விழும். ஏசி அவுட்டோர் யூனிட் மாதிரி சத்தமும் வரும், தண்ணீரும் சொட்டும். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். வடிகால் குழாய் வேண்டும்.

குழாய் நீளம்: 20 மீட்டர் முக்கால் இஞ்ச் குழாயில் 5 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அது ஓடிப் போன பிறகுதான் வெந்நீர் வரும். 2024 கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பாத்ரூம்களை ஒன்றன்மேல் ஒன்றாக, டேங்குக்கு அருகே அமைத்து, குழாய்க்கு இன்சுலேஷன் போடுங்கள்.

தண்ணீர்: போர்வெல் தண்ணீர் என்றால் உப்பு படியும். படிந்த உப்பு வெப்பத்தைத் தடுக்கும். சாஃப்ட்னருக்கான செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

நேரம்: விடியற்காலையில் ஓடவிடாமல், காற்று சூடாக இருக்கும் மதியத்துக்கு டைமர் வையுங்கள். மாடியில் சோலார் பேனல் இருந்தால் அந்த மின்சாரமே போதும்.

ஊட்டியில், டொராண்டோவில் கட்டுவதானால்?

ஊர் குளிராகக் குளிராக, தண்ணீரோடு அறையையும் சூடாக்க வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயர ஊட்டியில் குளிர்காலத்தில் உறைபனி விழும். காற்று 5 டிகிரிக்குக் கீழே போனால் வெளி யூனிட்டில் பனி படியும். அதை உருக்கும் வசதி உள்ள மாடல் வேண்டும். அறைக்கு, 'ஹாட் அண்ட் கோல்ட்' ஏசி என்று விற்கப்படுவதும் ஹீட் பம்ப்தான்.

டொராண்டோ குளிரில் மைனஸ் 15 டிகிரியிலும் ஓடுவதற்கென்றே வடிவமைத்த பம்ப்புகள் உண்டு. அந்தக் குளிரில் சிஓபி 2-ஐ ஒட்டி இறங்கும். நார்வேயில் சுமார் 60 சதவீதக் கட்டடங்களில் ஹீட் பம்ப் இருக்கிறது. குளிரே தடை என்றால் இது நடந்திருக்காது. ஆனால் அங்கே முதல் வேலை பம்ப் தேர்வு இல்லை: கூரை, சுவர், ஜன்னல் வழியாக வீடு எவ்வளவு வெப்பத்தை இழக்கிறது என்ற கணக்கு. இன்சுலேஷனில் சேமித்த ஒவ்வொரு கிலோவாட்டும் பம்ப்பின் அளவைக் குறைக்கும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

'சிஓபி 4' என்று சொன்னால், காற்று எத்தனை டிகிரியில் இருக்கும்போது, தண்ணீரை எத்தனை டிகிரிக்குச் சூடாக்கும்போது என்று கேளுங்கள். 15 டிகிரி காற்றில், 55 டிகிரி தண்ணீருக்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பகுதியில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். பதில் வரும் வரை பிளம்பரைச் சுவரில் கை வைக்க விடாதீர்கள்.